வெள்ளிப் பதக்கங்களில் விலங்குருவங்கள்

பதக்கம் என்றதும் எம்மவர் மனத்தில் முதலில் தோன்றுவது பரிசளிப்பு விழா மேடையே. ஓட்டப் பந்தயத்திலோ நாவன்மைப் போட்டியிலோ முதலிடம் பெற்ற மாணவன் மார்பில் அணியும் அப்பதக்கம் பெரும்பாலும் மலிந்த உலோகத்தின்மீது மெல்லிய பூச்சுப் பூசப்பெற்றதாகவே இருக்கும். அதன் பெருமை உலோகத்தைச் சார்ந்ததன்று. இக்கட்டுரை கூறப் புகுவதோ வேறொருவகைப் பதக்கத்தை. எவருக்கும் பரிசாக வழங்கப்படாது, எடைக்கும் மாற்றுக்கும் உறுதி கூறி அடிக்கப்பெற்று, விலைக்கு விற்கப்படுகின்ற தூய வெள்ளி வட்டம் அது. அதன் ஒரு முகத்திலே கழுகோ, கரடியோ, ஓநாயோ, மீன்கொத்தியோ புடைப்பாகப் பொறிக்கப்பட்டிருக்கும். மேலைநாடுகளில் இவற்றைத் தேடிச் சேர்ப்போர் பலர். கடல் கடந்து வாழும் எம்மவர் ஊருக்கு வரும்போது பேரப்பிள்ளைகளுக்கென ஒன்றிரண்டு கொண்டுவருவதும் உண்டு. கொடுத்தவரையும் பெற்றவரையும் தனித்தனியே அழைத்து, "இதன் பெறுமதி யாது?" என்று வினவினால் இருவரும் ஒரே விடை கூறுவார் என்று எதிர்பார்த்தற்கில்லை. அவ்வினாவுக்கு விடை காண்பது எளிதன்று. ஆயினும் காணாமல் விடுதலும் நன்றன்று. அறியாமல் வாங்கியோரும் அறியாமல் விற்றோரும் இழந்த பணம் சிறிதன்று.

முதலிற் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். அரசொன்று வெளியிட்டு, இன்ன தொகைக்குச் செல்லும் என்று முகத்திற் பொறித்துச் சட்டத்தாற் செல்லுபடியாக்கிய வட்டம் நாணயம். தொகை பொறிக்கப்படாதது, அரசின் கட்டளை இல்லாமல் எவரும் அடிக்கத்தக்கது பதக்கம். இவ்விரண்டுக்கும் நடுவே பாள நாணயம் என்ற ஓரினம் உண்டு. அதன் முகத்திலே தொகை இருக்கும். ஆனால் அத்தொகைக்கு அதனை எவரும் கடையிற் கொடுக்கமாட்டார். அவுஸ்திரேலியாவின் பேர்த் நாணயசாலை 1990 இல் வெளியிடத் தொடங்கிய கூக்கபரா என்னும் பறவை நாணயத்தை எடுத்துக்கொள்க. ஓர் அவுன்சு வெள்ளியாலான அதன் முகப்பெறுமதி முதலில் 5 டொலராக இருந்து, சில ஆண்டுகளிலேயே 1 டொலர் ஆயிற்று. வெள்ளியின் அளவு குறையவில்லை, பறவையும் இளைக்கவில்லை. முகப்பெறுமதி வெறும் பெயரளவே என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. மறுபுறம், சீன அரசு 1982 இல் முதன்முதல் வெளியிட்ட பொன் பண்டாக்களில் முகப்பெறுமதியே பொறிக்கப்படவில்லை. வரைவிலக்கணத்தை இறுகப் பிடித்தால் அவை நாணயங்கள் அல்ல, பதக்கங்களே. தென்னாபிரிக்கா 1967 இல் அடிக்கத் தொடங்கிய குரூகராண்டு என்னும் பொன் நாணயத்திலே துள்ளுமான் உண்டு, தொகை இல்லை. ஆயினும் அது சட்டப்படி நாணயமே. ஆகவே எல்லைக்கோடு நாம் நினைக்குமளவு நேரானதன்று. சேர்ப்போர் இரண்டையும் ஒரே பெட்டியில் வைப்பதிற் குற்றமில்லை. ஆனால் எது எது என்று அறிந்து வைத்தல் வேண்டும். பெரும்பாலான நாடுகளில் நாணயத்தைப் போலி செய்தல் அரசுக்கெதிரான பெருங்குற்றம். பதக்கத்தைப் போலி செய்தல் சாதாரண ஏமாற்று வழக்காகவே கொள்ளப்படும். இவ்வேறுபாடு கள்ளருக்கு நன்கு தெரியும்.

அடுத்தது எடை. பொன்னைப் பவுணிற் கணக்கிட்டுப் பழகிய எமக்கு அவுன்சு என்றால் கடையிலே பொருள் நிறுக்கும் அவுன்சுதான் நினைவுக்கு வரும். அது 28.35 கிராம். பொன் வெள்ளி நிறுக்கும் அவுன்சு ட்ரோய் அவுன்சு எனப்படும், அது 31.1035 கிராம். ஓர் அவுன்சு என்று மட்டும் சொல்லி 28.35 கிராம் கொண்ட பதக்கத்தை விற்பவர் பொய் சொல்லவில்லை என்று வாதிடலாம். வாங்கியவருக்கோ ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வெள்ளி குறைந்துவிட்டது. மாற்றும் இவ்வாறே கவனிக்கத்தக்கது. 999 என்று பொறித்திருந்தால் ஆயிரம் பங்கில் 999 பங்கு வெள்ளி. 925 என்றாலும் ஸ்ரேளிங் என்றாலும் ஒன்றே. எஞ்சிய 75 பங்கு பெரும்பாலும் செம்பு. கனடா தன் பாள நாணயங்களை 9999 மாற்றில் அடிக்கின்றது. ஜேர்மன் வெள்ளி, நிக்கல் வெள்ளி என்ற பெயர்களைக் கண்டு மயங்குதல் கூடாது. அவை செம்பும் நிக்கலும் நாகமும் சேர்ந்த கலப்பு; வெள்ளி அவற்றில் அணுவளவும் இல்லை.

இங்கிலாந்தில் இவ்விடயத்திற் பழைய ஒழுங்கொன்று உண்டு. 7.78 கிராமுக்கு மேற்பட்ட எந்தப் பொருளையும் வெள்ளி என்று கூறி விற்பதாயின் அது பரிசோதனைச் சாலையின் முத்திரை பெற்றிருத்தல் வேண்டும். நாணயங்களுக்கு விலக்கு உண்டு, பதக்கங்களுக்கு இல்லை. ஆகவே ஆங்கிலேய வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பை உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்கினால் நடந்து செல்லும் சிறு சிங்கமொன்றைக் காணலாம். அது ஸ்ரேளிங் மாற்றுக்குரிய முத்திரை. பதினாறாம் நூற்றாண்டு முதல் வழங்கிவருவது. முகத்திலே எந்த விலங்கு இருந்தாலென்ன, வாங்குவோர் முதலிற் பார்க்கவேண்டிய விலங்கு விளிம்பிலுள்ள அச்சிங்கமே.

இனி, வெள்ளியில் விலங்கைப் பொறிக்கும் வழக்கம் எங்ஙனம் வந்தது என்பதைச் சிறிது நோக்குவோம். இது முதலீட்டு வணிகர் கண்டுபிடித்த உத்தியன்று. நாணயம் தோன்றிய காலத்தோடு தோன்றியது. கிரேக்க நகரங்கள் தம் அடையாளமாக விலங்கையும் பறவையையும் பொறித்தன. ஏதென்ஸ் நகரின் ஆந்தை நாணயம் ஏறத்தாழ 17.2 கிராம் வெள்ளி. லோரியன் சுரங்கத்தில் எடுத்த வெள்ளியால் அடிக்கப்பெற்று மத்தியதரைக் கடற்கரையெங்கும் பரவியது. ஈஜைனா தீவினர் கடலாமையைப் பொறித்தனர். பின்னர்க் கடல் வலிமையை இழந்த காலத்தில் அவர்தம் நாணயத்திலே கடலாமை போய்த் தரையாமை வந்தது. வரலாற்றாசிரியர் நூல்களில் எழுதுவதை ஓர் ஆமையின் ஓடும் காலும் எமக்குச் சொல்லிவிடுகின்றன. பாரத நாட்டின் பழைய அச்சுக்குத்திய வெள்ளிக் காசுகளிலும் யானையும் காளையும் உண்டு. அத்தகைய காசுகள் எமது கந்தரோடையிலும் கிடைத்துள்ளன. ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட காசிலே படுத்திருக்கும் காளையும் அதன்கீழ்ச் 'சேது' என்ற தமிழ் எழுத்தும் இருப்பதை எம் மாணவர் அறிவர். அவை பெரும்பாலும் செப்புக் காசுகளாதலின் இங்கு விரிக்கவில்லை.

பதக்கம் என்ற தனிக்கலை பிறந்தது பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியில். பிசனெல்லோ என்னும் ஓவியர் 1438 ஆம் ஆண்டை ஒட்டி பைசாந்தியப் பேரரசர் எட்டாம் யோவானின் தலையுருவை ஒருபுறமும், அவர் குதிரையேறிச் செல்லும் காட்சியை மறுபுறமும் வைத்து வார்த்ததே அக்கலையின் தொடக்கம் என்பர். அவர் விலங்குகளை நேரிற் கண்டு வரைந்து பழகியவர். அதனால் அவருடைய பதக்கங்களின் பின்புறத்திலே உள்ள குதிரையும் கழுகும் சிங்கமும் சின்னங்களாக நில்லாமல் உயிர்களாக நிற்கின்றன. கல்லூரி மலரொன்றில் எழுதும்போது அவர் செய்த ஒரு பதக்கத்தைச் சொல்லாமல் விடமுடியாது. மாந்துவா நகரிலே விற்றோரினோ த பெல்த்ரே என்னும் ஆசிரியர் ஒருவர் இருந்தார். பிரபுக்களின் பிள்ளைகளையும் ஏழைப் பிள்ளைகளையும் ஒரே கூரையின்கீழ் வைத்துக் கற்பித்தவர். அரசர்க்கும் தளபதிகளுக்கும் பதக்கம் வார்த்த பிசனெல்லோ இப்பள்ளியாசிரியருக்கும் ஒன்று வார்த்தார். அதன் பின்புறத்திலே, தன் மார்பைக் கொத்திக் குருதியாற் குஞ்சுகளை ஊட்டும் கூழைக்கடா இருக்கின்றது. மேலைநாட்டார் தன்னலமற்ற அன்புக்கு வழங்கிய உருவம் அது. ஆசிரியர் ஒருவருக்கு இதனினும் பொருத்தமான பறவையை யாம் அறியோம். இவை வெள்ளியில் அல்ல, வெண்கலத்திலும் ஈயத்திலும் வார்க்கப்பட்டவை. ஆகவே உலோகத்தின் விலையைக் கருதினால் அற்பம். இன்றோ அருங்காட்சியகங்கள் அவற்றைப் போற்றிக் காக்கின்றன.

இருபதாம் நூற்றாண்டில் விலங்குருவம் மீண்டும் சிறப்புற்றது அயர்லாந்திலே. புதிதாகத் தன்னாட்சி பெற்ற அந்நாடு கவிஞர் ஈற்சு தலைமையில் ஒரு குழுவை அமைத்துத் தன் நாணயங்களை வகுத்தது. அரசர் தலை வேண்டாம், தலைவர் தலையும் வேண்டாம், உழவர் நாட்டுக்கு அந்நாட்டு உயிர்களே போதும் என்று அக்குழு முடிவு செய்தது. பேர்சி மெற்காவ் வரைந்த குதிரை, சல்மன் மீன், காளை, வேட்டைநாய், முயல், குஞ்சுகளோடு கோழி, குட்டிகளோடு பன்றி, காட்டுக்கோழி என எட்டும் 1928 இல் வெளிவந்தன. அவற்றுள் உயர்ந்த மூன்றும், அதாவது குதிரையும் மீனும் காளையும், 1943 வரை 750 மாற்று வெள்ளியில் அடிக்கப்பெற்றன. கலைஞர் வரைந்த பன்றி நல்லினப் பன்றிக்கு ஒத்ததாக இல்லை என்று விவசாயப் பகுதியினர் திருத்துவித்த செய்தி சுவையானது. அழகுக்கும் இலக்கணத்துக்கும் நேர்ந்த அவ்வழக்கிலே அழகுதான் தோற்றது என்பது எம் கருத்து. 1966 இல் அவுஸ்திரேலியா தசம நாணயத்துக்கு மாறியபோது ஸ்ருவட் டெவ்லின் வகுத்த எக்கிட்னாவும், யாழ்ப்பறவையும், வாத்தலகியும் இதே மரபின. அவ்வாண்டு வெளிவந்த வட்ட வடிவான 50 சத நாணயம் 13.28 கிராம் எடையும் 80 வீதம் வெள்ளியும் கொண்டது. வெள்ளியின் விலை ஏறியதும் நாணயத்தைவிட அதனுள் இருந்த உலோகம் பெறுமதி மிக்கதாயிற்று. மக்கள் அதனைச் செலவழியாமல் பெட்டியில் வைத்துக்கொண்டனர். 1969 இல் பன்னிரு பக்கங்கள் கொண்ட செப்பு நிக்கல் நாணயம் அதன் இடத்துக்கு வந்தது.

அடிக்கும் முறையையும் அறிந்திருத்தல் வேண்டும். அதனை அறியாதவர் நல்ல வேலைப்பாட்டுக்கும் மட்டமான வேலைப்பாட்டுக்கும் வேறுபாடு காணமாட்டார். கலைஞர் முதலிற் பெரிய அளவிலே களிமண்ணாலோ சுதையாலோ உருவத்தை அமைப்பார். அதனைச் சுருக்கியந்திரம் ஒன்று ஒருமுனையால் தடவிச் செல்ல, மறுமுனை உருக்கிலே அதே உருவத்தைச் சிறிதாகக் குடையும். இப்போது இவ்வேலையைக் கணினி வழி இயங்கும் வெட்டுகருவிகளும் ஒளிக்கதிரும் செய்கின்றன. இவ்வாறு பெற்ற உருக்கு அச்சுகள் இரண்டின் நடுவே வெள்ளி வட்டத்தை வைத்து அழுத்தும்போது உலோகம் அச்சின் பள்ளங்களுள் ஏறுகின்றது. நாணயம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத்தக்கதாய் இருத்தல் வேண்டுமாதலின் அதன் புடைப்பு விளிம்புக்குமேல் எழலாகாது. பதக்கத்துக்கு இக்கட்டுப்பாடு இல்லை. ஒருமுறை அடித்து, சூடாக்கி இளக்கி, மீண்டும் அடித்து, இவ்வாறு பலமுறை செய்து உயர்ந்த புடைப்பைப் பெறலாம். விலங்குருவத்துக்கு இது பெரிய வாய்ப்பு. கரடியின் தோளும் எருமையின் திமிலும் ஒளியையும் நிழலையும் வாங்கும் அளவுக்கு எழவேண்டும். தட்டையாகக் கோடு கீறிய கரடி கம்பளிபோலத்தான் தோன்றும். வாங்க நினைப்பவர் பதக்கத்தைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, கண்ணும் நாசியும் இறகின் அடுக்கும் தெளிவாக எழுந்துள்ளனவா என்று நோக்குதல் வேண்டும். பின்புலத்தைக் கண்ணாடிபோல மினுக்கி உருவத்தைப் பனிபோல மங்கவைக்கும் அடிப்பு முறையும் உண்டு. அழகுதான்; ஆனால் மினுக்கம் பல குறைகளை மறைத்துவிடும்.

பதக்கச் சேகரிப்பின் மெய்யான கதை, அதன் ஏற்றமும் வீழ்ச்சியும், ஐக்கிய அமெரிக்காவிலே நிகழ்ந்தது. 1930 இல் அங்கே பதக்கக் கலைஞர் சங்கம் ஒன்று ஆண்டுக்கு இரண்டு பதக்கம் வீதம் உறுப்பினருக்கு அனுப்பத் தொடங்கிற்று. முதலாவது பதக்கத்தைச் செய்தவர் லோறா கார்டின் பிரேசர் என்னும் பெண்மணி. ஒருபுறம் வேட்டைக்காரனும் நாயும், மறுபுறம் காட்டுக்கோழி. இவை கலைக்காகவே செய்யப்பட்டவை. உலோகம் பெரும்பாலும் வெண்கலம். 1964 இல் யோசேப்பு சீகல் என்பவர் பென்சில்வேனியாவிலே பிராங்கிளின் மின்ற் என்ற தனியார் நாணயசாலையை நிறுவியபோது நிலை மாறியது. அரச நாணயசாலையின் தலைமைச் செதுக்குநராய் இருந்து, கெனடி அரை டொலரின் தலையுருவைச் செய்த கில்றோய் றொபேட்ஸ் அவ்வேலையை விட்டு அங்கே சேர்ந்தார். 1970களின் முற்பகுதியிலே அவர் பெயரால் வெளிவந்த பறவைத் தொடர் 50 ஸ்ரேளிங் பதக்கங்களைக் கொண்டது. பறக்கும் நிலையிலும் இரை கவ்வும் நிலையிலும் உள்ள அப்பறவைகள் கைதேர்ந்த செதுக்குநர் ஒருவரின் முதிர்ந்த வேலை. இல்லந்தோறும் அஞ்சலில் வந்தன. அழகிய பெட்டியும் உறுதிப் பத்திரமும் உடன் வந்தன. வாங்கியோர் பலர், தம் பிள்ளைகளின் கல்விக்கு இது பின்னர் உதவும் என்று நம்பி வாங்கினர்.

அவர்கள் கொடுத்த விலை அதனுள் இருந்த வெள்ளியின் விலையைப்போலப் பல மடங்கு. வெளியீட்டு விலையே சந்தை விலை என்று அவர்கள் எண்ணியிருந்தனர். விற்கச் சென்றபோது வணிகர் தராசைத்தான் எடுத்தனர். 1978 இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று இந்நிலையை நாடறியச் செய்தது. அதன்பின் நிகழ்ந்தது இன்னும் துயரமானது. 1979 தொடக்கத்திலே அவுன்சு ஏறத்தாழ 6 டொலராய் இருந்த வெள்ளி, ஹண்ட் சகோதரர் முதலானோர் பெருந்தொகையாய் வாங்கிக் குவித்ததனால் 1980 தையிலே 50 டொலரை அணுகியது. அவ்வாண்டு பங்குனி 27 ஆம் நாள் 11 டொலருக்குக் கீழே வீழ்ந்தது. இடைப்பட்ட அச்சில வாரங்களிலே உலைக்களங்களின் வாயிலில் மக்கள் வரிசையாய் நின்றனர். தேநீர்க் கிண்ணங்களும் விளக்குத் தண்டுகளும் கரண்டிகளும் சென்ற வழியே பதக்கங்களும் சென்றன. கலைஞர் இறகு இறகாக இழைத்த பறவைகள் பாளமாயின. விற்றவரைக் குறைகூற எமக்கு மனமில்லை. பத்தாண்டு காலம் இழப்பென்று எண்ணியிருந்த பொருள் ஒருநாள் இலாபம் தருமாயின் யார்தான் தாமதிப்பர்? ஆயினும் எத்தனை தொடர்கள் அழிந்தன என்று கணக்கு வைத்தார் எவருமில்லை. உருகாமல் எஞ்சியவை இன்று எண்ணிக்கையிற் குறைந்துள்ளன. அப்படியிருந்தும் பல தொடர்கள் வெள்ளி விலையைச் சற்றே கடந்த விலைக்குத்தான் கைமாறுகின்றன.

இவ்விழப்பை நோக்கியே பிற்காலத்து நாணயசாலைகள் வேறு வழியை மேற்கொண்டன என்று சொல்லத் தோன்றுகிறது. வெள்ளியின் அன்றாட விலையோடு சிறு மேல்விலை மட்டும் சேர்த்து விற்பது, உருவத்தை ஆண்டுதோறும் மாற்றுவது, இவ்விரண்டுமே அவ்வழி. கூக்கபரா ஆண்டுக்கொரு கோலத்தில் வருகின்றது. கனடா 2011 முதல் 2013 வரை ஓநாய், பழுப்புக் கரடி, மலைச்சிங்கம், மூசு மான், கிளைக்கொம்பு மான், காட்டெருமை என ஆறு விலங்குகளை, ஒவ்வொன்றும் 10 இலட்சத்துக்கு மேற்படாமல் வெளியிட்டது. அமெரிக்க வெள்ளிக் கழுகோ 1986 முதல் 2021 நடுப்பகுதிவரை கேடயம் தாங்கிய ஒரே கழுகு. அதன்பின்னரே கிளையேந்திக் கூட்டில் இறங்கும் புதுக்கழுகு வந்தது. சீனப் பண்டாவின் வரலாறு இவை எல்லாவற்றினும் சுவையானது. 1983 இல் வெள்ளியில் முதன்முதல் வந்தபோது அது 900 மாற்றில் 27 கிராம். அடித்தவை 10,000 மட்டும். 1989 இல் ஓர் அவுன்சு பாள நாணயமாயிற்று. 2016 முதல் 30 கிராம் ஆயிற்று. அவுன்சுக்கும் இதற்கும் உள்ள 1.1 கிராம் வேறுபாட்டை விலை கேட்கும்போது மறந்துவிடலாகாது. 2002 இல், இனிக் கோலத்தை மாற்றுவதில்லை என்று கருதி முந்திய ஆண்டின் பண்டாவையே மீண்டும் அடித்தனர். சேர்ப்போர் ஒப்பவில்லை. 2003 முதல் மீண்டும் ஆண்டுக்கொரு பண்டா. ஒரு பேரரசின் நாணயசாலையைச் சேகரிப்போர் தம் கருத்துக்கு இணங்கச் செய்த நிகழ்ச்சி இதுவொன்றே எம் நினைவுக்கு வருகின்றது.

வாங்குமுன் செய்யவேண்டிய கணக்கு சிறிதே. பதக்கத்தின் எடையை மாற்றாற் பெருக்கினால் தூய வெள்ளியின் அளவு வரும். அதனை அன்றைய விலையாற் பெருக்குக. அத்தொகையை 100 பங்கு எனக் கொண்டால் கேட்கும் விலை எத்தனை பங்கு என்பதே வினா. 110 அல்லது 120 ஆயின் வாங்குவது வெள்ளி, உருவம் இனாம். 250 ஆயின் வாங்குவது உருவம். வெள்ளி அதற்குக் கூலி. இரண்டாவதைச் செய்வது பிழை என்று நாம் சொல்லவரவில்லை. அதை மனம் விரும்பிச் செய்தல் வேறு, முதலாவதைச் செய்வதாக எண்ணிக்கொண்டு செய்தல் வேறு. விற்பவரிடம், "இதையே நாளை நான் கொண்டுவந்தால் நீர் என்ன விலைக்கு எடுப்பீர்?" என்று கேட்டுப் பார்த்தல் நன்று. விடைக்கு முன் வரும் தயக்கத்தின் நீளமே ஒரு விடைதான்.

போலியை அறியும் வழிகள் எம் மேல்வகுப்பு மாணவர் ஆய்வுகூடத்திலே செய்யத்தக்கவை. பத்தரிடம் கொடுத்து உரைகல்லிலே தேய்ப்பித்தல் நகைக்கு ஏற்றது; பதக்கத்தைக் கெடுத்துவிடும். காந்தத்தால் ஒட்டிப் பார்த்தால் இரும்பு கலந்தவை உடனே தெரியும். ஆனால் செம்பும் பித்தளையும் தப்பிவிடும். ஆர்க்கிமிடீசு காட்டிய வழியே தக்கது. வெள்ளியின் அடர்த்தி 10.49. முகவையில் நீர் ஊற்றி நுண்தராசில் வைத்து அளவைச் சுழியமாக்குக. பதக்கத்தை மெல்லிய நூலிற் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் நீரில் முழுவதும் அமிழ்த்துக. தராசு காட்டுவது பதக்கம் விலக்கிய நீரின் எடை. 31.1 கிராம் தூய வெள்ளியாயின் 2.96 அல்லது 2.97 கிராம் காட்டும். அதே எடையுள்ள செம்பின்மேல் வெள்ளி பூசியிருந்தால் ஏறத்தாழ 3.47, பித்தளையாயின் 3.6க்கு மேல், ஈயமாயின் 2.74. ஸ்ரேளிங் 3.00 அளவிலே நிற்குமாதலின் தராசு நூறிலொரு கிராமையாவது பிரித்தறிதல் வேண்டும். ஈயத்தையும் செம்பையும் தக்க அளவிற் சேர்த்து வெள்ளியின் அடர்த்தியைப் பெறமுடியும் என்பது மெய்யே. அதற்கும் ஒரு மருந்து உண்டு. விரல்நுனியிற் பதக்கத்தை நிறுத்தி இன்னொரு நாணயத்தால் மெல்லத் தட்டினால் வெள்ளி நெடுநேரம் மணிபோல் ஒலிக்கும். ஈயம் கலந்தது மண்ணோடுபோல் அடங்கிவிடும். உலோகங்களுள் வெப்பத்தை மிக விரைவாகக் கடத்துவது வெள்ளியாதலின், பனிக்கட்டித் துண்டொன்றை மேலே வைத்தால் அது கண்முன்னே கரைவதையும் காணலாம். செம்பும் ஏறத்தாழ அவ்வாறே கரைக்கும்; ஆதலின் இது சிறுவர் மகிழ்ச்சிக்குரிய சோதனையேயன்றி முடிந்த சான்றன்று. வெள்ளி பூசிய செப்புப் பதக்கங்களிலே '100 மில்' என்பது போன்ற எண்களைப் பெரிதாகப் பொறித்து விற்பதும் உண்டு. அது பூச்சின் தடிப்பைக் குறிப்பதாகச் சொல்லப்படும் எண், எடையுமன்று, மாற்றுமன்று.

பேணும் முறையில் எம் வீட்டு வழக்கமொன்று பதக்கத்துக்குப் பகையாக நிற்கின்றது. பூசை அறையிலுள்ள வெள்ளிச் செம்பையும் குங்குமச் சிமிழையும் திருநீற்றால் தேய்த்துப் பளபளப்பாக்குவது எம் தாய்மாரின் நல்வழக்கம். அதே கையாற் பதக்கத்தைத் தேய்த்தால் இறகின் நுண்கோடுகள் போய்விடும், போனால் மீளா. வெள்ளி கறுப்பது துருவன்று. காற்றிலுள்ள கந்தகச் சேர்வைகளோடு கூடி வெள்ளிச் சல்பைட்டு என்னும் மென்படலம் உண்டாவதே கறுத்தலாகும். ஆகவே கந்தகம் உள்ள பொருள்களை அணுகவிடலாகாது: இறப்பர்ப் பட்டை, கம்பளித் துணி, செய்தித்தாள், மட்டமான அட்டைப்பெட்டி. மெல்லிய பிளாத்திக்கு உறைகளிலே சிலவகை நாளடைவிற் பசையாகிப் பச்சை நிறக் கறையை உண்டாக்கும். கரையோர ஊர்களில் உப்புக்காற்றும் ஈரமும் வேறு. இறுக மூடத்தக்க கடினமான உறையிலிட்டு, ஈரமுறிஞ்சும் சிலிக்காச் சிறுபொதியொன்றை உடன்வைத்து, அலுமாரியின் உலர்ந்த தட்டிலே வைப்பதே போதும். எடுக்கும்போது விளிம்பைப் பிடித்தே எடுக்கவேண்டும். விரல் பட்ட இடத்தின் வியர்வை சில மாதங்களில் ரேகையாய்ப் பதிந்து நிற்கும். ஆண்டுகள் செல்லச் செல்லப் பொன்னிறமும் நீலமுமாகப் படரும் மெல்லிய சாயையைச் சேர்ப்போர் குறையாகக் கொள்வதில்லை. சிலர் அதற்கென்றே மிகுதியாகக் கொடுப்பர். தூய வெள்ளி நாணயங்களிலே பால் தெறித்தாற்போன்ற வெண்புள்ளிகள் தோன்றுவதும் உண்டு. நாணயசாலைகளையே நெடுங்காலம் வருத்திய குறை அது. கனடிய நாணயசாலை 2018 முதல் அதனைக் குறைக்கத் தனிமுறையொன்றைக் கையாண்டுவருகின்றது.

இன்னொன்று எஞ்சியுள்ளது, சேர்ப்போர் பெரும்பாலும் தட்டிக்கழிப்பது. பெட்டியின் உரிமையாளர் மறைந்தபின் அதனைத் திறப்பவர் அக்கலையை அறியாதவராய் இருத்தல் கூடும். அவர் பெட்டியோடு நகைக்கடைக்குச் செல்வார். கடைக்காரர் நேர்மையானவராயினும் தராசைத் தவிர வேறொன்றும் வைத்திரார். வெள்ளி விலைக்கு விற்கத்தக்க பத்தும், அதன் பல மடங்கு பெறத்தக்க ஒன்றும் ஒரே தட்டில் ஏறிவிடும். 1983 ஆம் ஆண்டுப் பண்டாவுக்கும் வேறொரு பண்டாவுக்கும் உள்ள வேறுபாட்டைத் தராசு எங்ஙனம் அறியும்? ஒவ்வோர் உறைக்குள்ளும் கந்தகமற்ற நல்ல தாளிலே நான்கு வரி எழுதி வைத்தாற் போதும்: என்ன உருவம், எந்த நாணயசாலை, எந்த ஆண்டு, எடையும் மாற்றும், வாங்கிய நாளும் கொடுத்த விலையும், வெள்ளி விலைக்கு விற்கலாமா, ஆகாதா. தமிழில் எழுதினால் வீட்டார் எல்லாருக்கும் விளங்கும். மை ஊறாத வண்ணம் பென்சிலால் எழுதுவதே நன்று.